வளையகத்து மாப்பிள்ளை

பொழிலன் பல் துலக்குவதை அன்று காலை நான்கு லட்சம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அதில் அவனுக்குப் பெருமையும் இல்லை, கூச்சமும் இல்லை. பதினோரு வருடப் பழக்கம். குளியலறைச் சுவரில் பதித்திருக்கும் விழிப்பொட்டுக் கேமரா பச்சையாக மாறியதும் அதைப் பார்த்தபடி பிரஷ்ஷை இடமிருந்து வலமாக மூன்று சுற்றுச் சுற்ற வேண்டும். வளையகத்தார் அப்படித்தான் துலக்குவார்களாம். யார் சொன்னது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தான். "ஏன், நீங்கதானே அப்படித் துலக்குறீங்க?" என்றாள் அவன் மனைவி நறுமுகை. 

"எல்லாருக்கும் காலை வணக்கம்! என் வளையகத்துக் கணவர் எழுந்துட்டார்!" என்று அடுத்த அறையிலிருந்து அவள் குரல் உற்சாகமாகக் கேட்டது. வீட்டுக்குள் பதினோரு டிகிரி வெப்பம். அதுவும் அவனுக்காகத்தான். பனி உலகத்தில் பிறந்தவருக்குப் புழுங்குமே என்று மாமியார் திலகவதி, கல்யாணமான முதல் வாரத்திலேயே வெப்பச்சீரியைக் குறைத்து வைத்துவிட்டார். நறுமுகை கம்பளிச் சட்டைமேல் கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு வளைய வருவாள். பொழிலன் மட்டும் அரைக்கைச் சட்டையில் பல் கிட்டித்துப்போய் நிற்பான்.

"எனக்குக் குளிருது" என்று அன்று விழிப்பொட்டைப் பார்த்து வாய்விட்டுச் சொல்லியே விட்டான்.

நான்கு லட்சம் பேரும் சிரித்தார்கள். வளையகத்து நகைச்சுவையே தனி என்று கருத்துகள் வந்து குவிந்தன. நறுமுகையும் கதவோரம் நின்று சிரித்தாள். பொழிலன் வாயைக் கொப்பளித்துத் துப்பினான். துப்பியதற்கும் யாரோ ஒரு விளக்கம் எழுதியிருந்தார்கள்.

செந்நிலம் என்பது செவ்வாய்க் கோளில் தமிழர்கள் குடியேறிய ஊர். மூன்று பெரிய குமிழ்கள், அவற்றை இணைக்கும் ஒரு குழாய்ரயில், பத்து லட்சம் பேர். சனிக் கோளின் பக்கமிருந்து வருகிறவர்களை அங்கே யாரும் சனிக்காரர் என்று சொல்வதில்லை. காலங்காத்தால் அந்தப் பெயரை யார் வாயில் எடுப்பார்கள்? வளையம் சுற்றிய கோள் என்பதால் வளையகம் என்று மாற்றி வைத்துக்கொண்டார்கள். அதன் பெரிய நிலாவில் பனி வெட்டிப் பிழைக்கும் மக்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பனிக்கப்பல் செவ்வாய்க்கு வந்துசேர ஏழு வருடம் பிடிக்கும். எப்போதோ ஒருவர்தான் வந்து இறங்குவார் என்பதால் வளையகத்தாருக்குச் செந்நிலத்தில் தனி மவுசு. வளையகத்து மாப்பிள்ளை கிடைத்த குடும்பம் அதைச் சொல்லாமல் ஒரு டீ கூடக் குடிக்காது.

ஊரில் எல்லோருக்கும் காது மடலுக்குப் பின்னால் நெல்மணி அளவில் ஒரு செவிமணி இருந்தது. குழந்தைக்கு ஒரு மாதம் நிறைந்ததும் அதை வைத்துவிடுவார்கள். எதிரே ஒருவர் வந்தால் அவருடைய சுட்டியைச் செவிமணி முதலில் கிசுகிசுக்கும். சுட்டி என்றால் பூர்விகம்: அவரோ அவருடைய முன்னோரோ வந்து இறங்கிய கப்பல் எங்கிருந்து புறப்பட்டதோ அதுதான் அவர் ஊர். அதற்குப் பிறகுதான் பெயரைச் சொல்லும். ஆனால் சுட்டி காதில் விழுந்தவுடனேயே ஆட்கள் பேசத் தொடங்கிவிடுவதால் பெயரை முழுதாகக் கேட்டவர்கள் குறைவு.

பொழிலனுக்கு வளையகம் நினைவில்லை. கைக்குழந்தையாகப் பனிக்கப்பலிலிருந்து இறக்கப்பட்டவன், பெற்றோர் யாரென்று தெரியாமல் ஊர்க் காப்பகத்தில் வளர்ந்தவன். வளையகத்தைப் பற்றி அவனுக்குத் தெரிந்ததெல்லாம் நறுமுகையின் ஒளிபரப்பில் அவன் செய்து காட்டியவைதான். அவன் பேசாமல் இருந்தால் அது வளையகத்து ஆழம். கத்தினால் வளையகத்துச் சூடு. இரண்டு முறை தும்மினால் வளையகத்தில் அது நல்ல சகுனம் என்று மாமியார் எதிர்வீட்டுக்காரிக்கு விளக்குவார். வேலை பார்க்கும் நீர்க்குழாய்ப் பரிசோதனைத் துறையில் மூன்று வருடம் தொடர்ந்து அவனுக்குச் 'சிறந்த வளையகத்துப் பணியாளர்' விருது கொடுத்தார்கள். அந்தத் துறையில் வளையகத்தார் அவன் ஒருவன்தான்.

உண்மையைச் சொல்ல வேண்டுமென்றால், அவனும் ஒன்றும் பச்சைப்பிள்ளை இல்லை. கல்யாண வீடுகளில் வெங்காயம் நறுக்கக் கூப்பிட்டால் "எங்க வளையகத்துல ஆம்பளைங்க வெங்காயத்தைத் தொடறதில்லைங்க" என்று சொல்லித் தப்பித்தவன்தான். மாமியார் வீட்டு விசேஷங்களில் பாதிக்கு வளையகத்து விரதம் என்று சொல்லி வீட்டில் தூங்கியிருக்கிறான். சுகமாகத்தான் இருந்தது. ஆனால் சட்டை இறுகிப்போன பிறகு அது யார் தைத்தது என்றா பார்க்க முடியும்? முப்பத்தெட்டு வயதில், தன் வீட்டில், தனக்குக் குளிருகிறது என்பதை ஒருவரையும் நம்ப வைக்க முடியாத எரிச்சல் அவனுக்கு நாளுக்கு நாள் கூடியது.

ஒருநாள் செய்தியில் படித்தான்: வளையகத்து வீடுகளுக்குள் எப்போதும் இருபத்தாறு டிகிரி. ஓடிப்போய் நறுமுகையிடம் காட்டினான்.

அவள் படித்துவிட்டு, "அது இப்ப வந்த நாகரிகம். நீங்க அசல் ஆளு" என்றாள்.

நறுமுகைக்கு அப்போது ஏழாம் மாதம். அன்று மாலை இருவரும் மருத்துவமனைக்குப் போனார்கள். வயிற்றில் இருப்பது பெண் குழந்தை, நல்ல எடை, ஒரு குறையும் இல்லை என்று சொல்லிவிட்டு நர்ஸ் ஒரு படிவத்தை நிரப்பத் தொடங்கினாள். சுட்டி என்ற கட்டத்தில் 'பாதி வளையகம்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்து சிரித்தாள்.

"கொடுத்து வெச்சவங்க மேடம் நீங்க. இந்த வருஷம் மூணு குமிழ்லயும் சேத்து பாதி வளையகம் இது ஒண்ணுதான்."

"குழந்தைக்கு இன்னும் பேரே வைக்கலைங்க" என்றான் பொழிலன்.

"பேரு மெதுவா வைக்கலாம் சார். சுட்டி இல்லாம செவிமணி வைக்க மாட்டாங்க."

வீட்டுக்கு வந்தால் கூடத்தின் நடுவில் ஒரு புதுத் தொட்டில். கண்ணாடி மூடி போட்டு, பக்கவாட்டில் சின்னதாக ஒரு இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது. திலகவதி அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க மாப்பிள்ளை! பாத்தீங்களா, குளிர்த்தொட்டில். சொல்லி வெச்சுச் செய்ய வெச்சேன். எட்டு டிகிரி. நம்ம வளையகத்துக் குட்டியைப் போட்டதும் சொக்கித் தூங்கிடும்."

"அத்தை, பச்சக் குழந்தையை எட்டு டிகிரில போட்டா செத்துப்போயிடும்."

"அச்சச்சோ! வாயில நல்ல வார்த்தையே வராதா? ஏன், நீங்க செத்தா போயிட்டீங்க?"

பொழிலன் மனைவியைப் பார்த்தான். அவள் தொட்டிலை எந்தக் கோணத்தில் காட்டினால் நன்றாக இருக்கும் என்று கையால் சட்டம் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நறுமுகை, பதினோரு வருஷம் ஆச்சு. ஒருநாள், ஒரே ஒருநாள் என்னைப் பொழிலன்னு கூப்பிட்டிருக்கியா?"

"இப்ப எதுக்கு இது? பொழிலன்னு ஊர்ல பத்துப் பேர் இருக்காங்க. வளையகத்தார் நீங்க ஒருத்தர்தானே எனக்கு."

"அந்தப் பத்துப் பேர்ல ஒருத்தனா நான் இருந்துட்டுப் போறேன். என் பொண்ணு பதினோராவது ஆளா இருந்துட்டுப் போகட்டும். இந்தப் பெட்டியை எடுத்து வெளிய வை."

"அம்மா, கண்டுக்காதீங்க. வளையகத்துப் பிடிவாதம். ரெண்டு நாள்ல சரியாயிடும்" என்றாள் நறுமுகை.

அவன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டான். பட்டினியை, வசவை, ஊர் சிரிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பிறக்காத குழந்தையை ஐஸ் பெட்டியில் வைக்கப் பொட்டு வைத்துக் காத்திருக்கிறார்கள் என்பதை எப்படிப் பொறுப்பது? குழந்தையின் சுட்டி அப்பனிடமிருந்துதான் வருகிறது. அப்பனின் சுட்டியை அழித்துவிட்டால் குழந்தைக்கு எதை எழுதுவார்கள்?

மறுநாள் காலை அவன் பதிவகத்துக்குப் போனான்.

பதிவகத்தில் மனிதர்கள் இல்லை. மேசைக்குப் பின்னால் ஓர் இயந்திரப் பதிவாளர் உட்கார்ந்திருந்தது. அதற்கு முகம் என்று ஒரு வழவழப்பான தகடு, அதில் இரண்டு மங்கலான விளக்கு.

"சுட்டியை நீக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள். சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் மூலப்பதிவைப் பார்த்து உறுதி செய்த பிறகே நீக்க முடியும். வலது குதிகாலை இந்தத் தட்டில் வையுங்கள்" என்றது அது. இயந்திரங்கள் அந்த ஊரில் சுத்தமான செய்தித்தாள் தமிழில்தான் பேசும்.

பொழிலன் செருப்பைக் கழற்றிக் குதிகாலை வைத்தான். பதிவாளரின் விளக்கு இரண்டும் ஒருமுறை அணைந்து எரிந்தன.

"நீக்குவதற்கில்லை" என்றது பிறகு.

"ஏன்?"

"உங்களிடம் இல்லாததை நீக்க முடியாது. நீங்கள் வளையகத்தில் பிறக்கவில்லை."

நடந்தது இதுதான். முப்பத்தெட்டு வருடத்துக்கு முன்னால் ஒரு மணற்புயலில் செந்நிலத்தின் தென்குமிழ் விரிசல் விட்டது. காற்று கசியக் கசிய, கைக்குழந்தைகளை மட்டும் முதலில் எடுத்து, அந்த நேரத்தில் மேலே சுற்றிக்கொண்டிருந்த ஒரே கப்பலுக்கு ஏற்றி அனுப்பினார்கள். அது வளையகத்திலிருந்து வந்திருந்த பனிக்கப்பல். விரிசலை அடைத்து ஊரைச் சீராக்க நான்கு மாதம் ஆனது. குழந்தைகளைத் திரும்ப இறக்கியபோது வாங்கிக்கொள்ளப் பலருக்குப் பெற்றோர் இல்லை. இறங்குதளத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தா ஊர் வழக்கப்படி கப்பலைப் பார்த்தார், எழுதினார். எந்தக் கப்பலில் இறங்கினாயோ அதுதானே உன் ஊர்! இருபத்தாறு குழந்தைகளும் ஒரே மதியத்தில் வளையகத்தார் ஆனார்கள். ஏழு வருடப் பயணம் வந்தவை எப்படி இன்னும் கைக்குழந்தையாக இருக்கும் என்று ஒருவரும் கேட்கவில்லை.

"இருபத்தாறு பேரா? மத்தவங்கள்லாம் எங்கே?" என்றான் பொழிலன்.

"நலமாக இருக்கிறார்கள். ஒருவர் வளையக நடனப் பள்ளி நடத்துகிறார்."

பொழிலன் சிரித்தான். சிரிக்கச் சிரிக்கக் கண்ணில் தண்ணீர் வந்தது. வளையகம் இல்லை, பனி இல்லை, இடமிருந்து வலம் இல்லை. குளிருது என்று அவன் சொன்னபோதெல்லாம் அவனுக்குக் குளிர்ந்தது, அவ்வளவுதான். மேசையைத் தட்டி, "அப்ப நான் எங்க பிறந்தேன்? அதையும் சொல்லிடுங்க" என்றான்.

"செந்நிலம், தென்குமிழ்" என்றது பதிவாளர். அடுத்த சொல்லை அது மிகவும் தாழ்ந்த குரலில் சொன்னது. "எட்டாம் வரிசை."

"என்ன? சத்தமாச் சொல்லுங்க."

"மன்னிக்கவும். அந்தச் சொல்லுக்கு மட்டும் ஒலியளவு தானாகக் குறையும். என்னை அமைத்தவர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள்." சான்றிதழை அவனுடைய கையேட்டுத் திரைக்கு அனுப்பிவிட்டு அது தொடர்ந்தது. "திருத்தம் இன்னும் நடப்புக்கு வரவில்லை. பத்து நாளுக்குள் உறுதி செய்தால் சுட்டி மாறும். செய்யாவிட்டால் பழையதே நீடிக்கும். உங்களுக்கு முன் நான்கு பேர் இதே இடத்தில் இதே சான்றிதழைப் பெற்றுச் சென்றார்கள்."

"உறுதி பண்ணிட்டாங்களா?"

"ஒருவரும் இல்லை."

பொழிலன் அதைக் காதில் வாங்கினானே தவிர மனதில் வாங்கவில்லை. இப்போதே உறுதி செய்துவிடலாம்தான். ஆனால் நறுமுகை முன்னால் வைத்துச் செய்ய வேண்டும், அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசையாக இருந்தது. குழாய்ரயிலில் நின்றுகொண்டே வந்தான், உட்காரத் தோன்றவில்லை.

வாசலிலிருந்தே கத்தினான். "நறுமுகை! நான் வளையகத்தான் இல்லை! இந்த ஊர்லதான் பிறந்தேன். இங்கேருந்து மூணு ஸ்டேஷன்!"

கதையைக் கேட்டு முடித்ததும் நறுமுகை நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒளிபரப்பு என்ன ஆகுமோ என்று ஒரு கணம் அவள் முகம் வெளிறியது உண்மை. பிறகு அவளுக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப அந்தப் பல் துலக்குறது?"

"அது நான் துலக்குறது."

"ரெண்டு தும்மல்?"

"ஜலதோஷம்டி. பதினோரு வருஷ ஜலதோஷம்."

"ஐயோ, வாய் திறந்து சொல்லியிருக்கக் கூடாதா?"

"தினமும் சொன்னேன்!"

அவள் எழுந்து போய் வெப்பச்சீரியை இருபத்து நாலுக்கு ஏற்றினாள். ஒரு போர்வையை எடுத்துவந்து அவன் தோளில் போட்டு, இரண்டு கையாலும் இழுத்துப் பொத்திவிட்டாள். அவளுடைய பெரிய வயிறு அவன்மேல் இடித்தது. பொழிலனுக்கு அப்படியே அங்கேயே தூங்கிவிட வேண்டும்போல இருந்தது. இந்த வீட்டில் இவ்வளவு நிம்மதியாக அவன் இருந்ததே இல்லை.

சத்தம் கேட்டு திலகவதி சமையலறையிலிருந்து கேசரித் தட்டோடு வந்தார். விஷயம் தெரிந்ததும் அவரும் ஆச்சரியப்பட்டாரே ஒழியக் கோபப்படவில்லை.

"அட, நம்ம ஊர்ப் பிள்ளைதானா! இது இன்னும் நல்லதாப் போச்சே. நானும் இத்தனை நாளா என்ன ஊரோ, என்ன மனுஷங்களோன்னு உள்ளுக்குள்ள ஒரு யோசனையாத்தான் இருந்தேன். எந்தக் குமிழ் மாப்பிள்ளை?"

"தென்குமிழ் அத்தை."

"தென்குமிழா? நல்ல நல்ல குடும்பமெல்லாம் அங்க இருக்கு. எங்க பெரியப்பா சம்பந்தம் அங்கதான்." தட்டை அவன் பக்கம் நீட்டியபடியே கேட்டார். "உங்க வீட்டு வாசல் எந்தப் பக்கம் பாத்து இருந்துச்சாம்?"

இந்தக் கேள்வி பொழிலனிடம் அவன் வாழ்நாளில் யாரும் கேட்காதது. வேற்று உலகத்தானிடம் இதை எதற்குக் கேட்க வேண்டும்? ஆனால் செந்நிலத்தில் பிறந்த மற்ற எல்லோரும் இதைக் கேட்டுத்தான் வளர்ந்திருந்தார்கள். முதல் கப்பலில் வந்தவர்கள், வேலைப்படி எட்டு வரிசையாக வீடு கட்டிக் குடியேறினார்கள். முதல் வரிசையில் கப்பல் ஓட்டியவர்கள். எட்டாம் வரிசையில், ஊர் மொத்தத்தின் கழிவையும் வடித்துக் குடிதண்ணீர் ஆக்கிய மீட்பு ஆலைக்காரர்கள். வரிசையெல்லாம் ஒழிந்துவிட்டது என்று இரண்டு தலைமுறைக்கு முன்பே சட்டம் போட்டுவிட்டார்கள். ஒருவருடைய வரிசையைக் கேட்பது குற்றம். அதனால் யாரும் கேட்பதில்லை. ஒவ்வொரு வரிசைக்கும் வாசல் ஒவ்வொரு திசையில் என்பதால், வாசல் எந்தப் பக்கம் என்றுதான் கேட்பார்கள்.

பொழிலன் ஒரு கேசரித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு கையேட்டைத் திறந்தான். சான்றிதழை உரக்க, சந்தோஷமாகப் படித்தான்.

"கிழக்கு, அத்தை. மீட்பு ஆலையைப் பாத்து. எட்டாம் வரிசை, பதினேழாம் எண்."

 திலகவதி தட்டை அவன் முன்னாலிருந்து எடுக்கவில்லை. அங்கேயே வைத்துவிட்டு, கையை மட்டும் மெதுவாக எடுத்துக்கொண்டார். அவன் பக்கம் பார்க்காமல் மகளிடம் பேசினார்.

"நறுமுகை, கொஞ்சம் உள்ள வா."

உள்ளே பேச்சு தணிந்த குரலில் நடந்தது. என்ன பேசினார்கள் என்று கேட்கவில்லை. ஒருவரும் அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது பொழிலனுக்கு. கால் மணி நேரம் கழித்து நறுமுகை வந்தாள். சுவரோரம் நின்று வெப்பச்சீரியை மறுபடியும் பதினொன்றுக்குக் குறைத்தாள். பிறகு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பொழிலன்" என்றாள்.

பதினோரு வருடமாக அவன் காத்திருந்த சொல். கேட்டதும் அவன் போர்வையை இன்னும் இழுத்துப் போர்த்திக்கொண்டான்.

"பத்து நாள் டைம் கொடுத்திருக்காங்கன்னு சொன்னீங்கல்ல? அது பாட்டுக்குப் போகட்டும். உறுதி பண்ண வேணாம், பொழிலன்."

"நீயுமா?"

"எனக்கு ஒண்ணும் இல்லை. சத்தியமா. நான் அதெல்லாம் பாக்கறவளா? வேற உலகத்து ஆளையே கட்டிக்கிட்டவ நான். குழந்தையை நினைச்சுப் பாருங்க. நாளைக்குப் பள்ளிக்கூடத்துல வாசல் எந்தப் பக்கம்னு கேட்டா அது என்ன சொல்லும்?"

"கிழக்குன்னு சொல்லும்."

"சொல்லிட்டு?"

 கதவருகே நின்றிருந்த திலகவதி சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "தென்குமிழ்னு சுட்டி மாறினா மறுநாளே நாலு பேர் வாசலைக் கேப்பாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது. வேற உலகத்து ஆளுன்னா ஊர் ஏத்துக்கும். இதை ஏத்துக்காது. நான் ஊரை மாத்த முடியுமா?"

பொழிலனுக்கு ஆத்திரம் தலைக்கேறியது. போர்வையை உதறி எழுந்தான்.

"ஏழு வருஷம் தள்ளி இருக்கிறவன் மாப்பிள்ளை ஆகலாம், மூணு ஸ்டேஷன் தள்ளி இருக்கிறவன் ஆகக் கூடாதா? வளையகத்துல என்ன மனுஷங்கன்னே உங்களுக்குத் தெரியாது! இந்த எட்டாம் வரிசைக்காரங்க வடிச்ச தண்ணியைத்தானே தினம் குடிக்கறீங்க?"

 நறுமுகை தலை குனிந்து வயிற்றைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் அழுதுகொண்டிருந்தாள். அதைப் பார்த்ததும் அவன் கீழே கிடந்த போர்வையை எடுத்து அவள் தோளில் போட்டான். 

பத்து நாளில் ஒன்பது நாள் அவன் தினமும் கையேட்டில் உறுதி செய்யும் பொத்தானைத் திறந்து பார்த்தான். குழாய் பரிசோதிக்கப் போகிற இடங்களில் தென்குமிழ்க்காரர்களை முதன்முறையாகக் கவனித்துப் பார்த்தான். யாரிடம் எல்லோரும் நின்று பேசுகிறார்கள், யாரிடம் நடந்துகொண்டே பேசுகிறார்கள் என்பது இத்தனை வருடம் கண்ணில் படாமல் இருந்தது எப்படி என்று தெரியவில்லை. குளிருக்காவது உள்ளே ஒரு பனியனைப் போட்டுக்கொள்ளலாம். இதற்கு எதைப் போட்டுக்கொள்வது? பத்தாம் நாள் ஒரு பெரிய குழாய் உடைப்பு. அதைச் சரிசெய்துவிட்டு வந்து பார்த்தபோது பொத்தான் மறைந்திருந்தது. வேலை அதிகம், அதனால்தான் மறந்துவிட்டது என்று தனக்குத்தானே இரண்டு முறை சொல்லிக்கொண்டான்.

ஒன்றில் மட்டும் அவன் விட்டுக்கொடுக்கவில்லை. குளிர்த்தொட்டிலில் குழந்தையைப் போட்டால் எல்லாவற்றையும் ஒளிபரப்பிலேயே சொல்லிவிடுவேன் என்றான். நறுமுகை உடனே சம்மதித்தாள். ஒளிபரப்புக்குக் கூடத்தில் ஒரு தொட்டில், குழந்தை தூங்க உள்ளறையில் ஒரு தொட்டில் என்று ஏற்பாடானது. கூடத்துத் தொட்டிலில் பொம்மையைப் போர்த்திப் படுக்க வைத்தால் நான்கு லட்சம் பேருக்கும் வித்தியாசம் தெரியாது. வீட்டுக்குள் விழிப்பொட்டு மூடியிருக்கும் நேரத்தில் நறுமுகை அவனைத் தவறாமல் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். திலகவதியும் மறுபடி மாப்பிள்ளை என்று அழைக்கத் தொடங்கினார். ஆனால் முன்னைப்போல அவனை முகத்துக்கு நேரே பார்த்து அல்ல.

குழந்தை பிறந்தது. அவனைப்போலவே அகலமான நெற்றி. பெயரை அவன்தான் தேர்ந்தெடுத்தான், மூன்று நாள் யோசித்து. எந்த உலகத்தையும் எந்தக் குமிழையும் காட்டிக்கொடுக்காத, வெறும் பெயராக இருக்கிற ஒரு பெயர். அது வாயில் வரும்போதெல்லாம் அவனுக்கு இனித்தது.

ஒரு மாதம் நிறைந்ததும் செவிமணி வைக்கும் நாள் வந்தது. நறுமுகைக்குக் காய்ச்சலாக இருந்ததால் பொழிலன் மட்டும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு குழாய்ரயிலில் புறப்பட்டான். நல்ல வெளிச்சமான காலை. பெட்டியில் இருந்தவர்களின் செவிமணி அவனை வளையகத்தான் என்று சொல்லிற்று. எல்லோரும் புன்னகை செய்து இடம் விட்டார்கள். கையிலிருந்த குழந்தையைப் பற்றி மட்டும் யார் காதிலும் ஒன்றும் விழவில்லை. அதற்கு இன்னும் சுட்டி இல்லை.

தென்குமிழ் நிலையத்தில் ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஓர் அம்மாள் ஏறினார். மீட்பு ஆலையின் சாம்பல் நிறச் சீருடை. பக்கத்தில் இருந்தவர்கள் அவசரமில்லாமல் கொஞ்சம் தள்ளி நின்றுகொண்டார்கள். அவர் பொழிலனுக்கு எதிரே வந்து உட்கார்ந்தார். அகலமான நெற்றி. தினமும் காலையில் பல் துலக்கும்போது கண்ணாடியில் பார்க்கிற நெற்றி. பொழிலன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

அந்த அம்மாள் குழந்தையையே பார்த்துக்கொண்டிருந்தார். முன்னால் குனிந்து, தொடாமல், விரலை மட்டும் அதன் முகத்துக்கு நேரே ஆட்டினார். குழந்தை கண்ணைச் சுருக்கியது. அவருக்கு ஒரே சந்தோஷம். நிமிர்ந்து பொழிலனைப் பார்த்து ஏதோ கேட்க வாயெடுத்தார். வாசலைத்தான் கேட்கப் போகிறார் என்று பொழிலன் குழந்தையை இறுக்கிக்கொண்டான்.

"பாப்பா பேரு என்ன தம்பி?"

"பாதி வளையகம்" என்றான் பொழிலன்.

பெட்டியில் இரண்டு மூன்று பேர் மரியாதையோடு திரும்பிப் பார்த்தார்கள். அந்த அம்மாள் மட்டும் புரியாமல் விழித்தார்.

"இல்ல தம்பி, பேரைத்தான் கேட்டேன்" என்றார்.